படுக்கையருகிலிருந்து பணியிடத்திற்கு

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் மருத்துவமனையின் வாயிலில் நின்றால் நாள்தோறும் ஒரே காட்சியைக் காணலாம். இரவு முழுவதும் நோயாளியின் கட்டிலருகே பாய் விரித்து, உறங்கியும் உறங்காமலும் கிடந்த மகனோ மகளோ மனைவியோ, குழாயடியில் முகம் கழுவித் தலையை வாரிக்கொண்டு, மாற்றுக்கு வந்த உறவினரிடம் பிளாஸ்க்கையும் மருந்துச் சீட்டையும் ஒப்படைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி விரைகின்றனர். ஒருவருக்கு இராஜபாளையத்து நூற்பாலையில் முதல் ஷிப்ட். மற்றொருவருக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி. வேறொருவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலுக்கு அருகே பால்கோவாக் கடை. அவர்கள் முகம் கழுவுவது உறக்கத்தைப் போக்குவதற்கு மட்டுமன்று. முந்தைய நாள் மருத்துவர் சொன்ன செய்தி அந்த முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக இயலாது.

நோயாளியிடம் நாங்கள் எத்தனையோ கேள்விகள் கேட்கிறோம். பசி எடுக்கிறதா, வலி எங்கே இருக்கிறது, நேற்று எத்தனை முறை மருந்து உட்கொண்டார் என்றெல்லாம் குறித்துக்கொள்கிறோம். அவருக்கு உடனிருப்பவரைப் பார்த்து, "உங்கள் வேலையிடத்தில் நாள் எப்படிக் கழிகிறது?" என்று கேட்பது மிக அரிது. இக்கட்டுரை அந்த விடுபட்ட கேள்வியைப் பற்றியது. நோயிலிருந்து தேறி மீண்டும் வேலைக்குச் செல்லவிருப்போருக்கும் இது பொருந்தும்.

இவ்வட்டாரத்து வேலைகள் மனிதரின் உணர்வை நடத்தும் விதம் ஒரே மாதிரியானதன்று. 1936ஆம் ஆண்டு பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கிய காலம் முதல், இங்குள்ள குடும்பங்கள் பலவற்றின் நேரக் கணக்கு ஆலைச் சங்கையும் ஷிப்டையும் சார்ந்தே அமைந்து வந்திருக்கிறது. நூற்பாலையின் ஸ்பின்னிங் பகுதிக்குள் சென்று வந்தவர் அதன் இரைச்சலை மறக்கமாட்டார். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒருசேரச் சுழலும்போது அருகில் நிற்பவரிடம்கூடக் கைச்சைகையால்தான் பேச வேண்டும். அறுந்த இழையைக் கண்டவுடன் எடுத்து ஒட்ட வேண்டும். கண்ணும் விரலும் ஒரு கணம் தப்பினால் நூல் வீணாகும், சில வேளை விரலே காயப்படும். அங்கே ஒருவர் வாய்விட்டு அழுதாலும் பக்கத்து இயந்திரத்தில் இருப்பவருக்குக் கேட்காது. ஆலை புன்னகையைக் கேட்பதில்லை, கவனத்தைக் கேட்கிறது. மனம் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்க, கவனத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுப்பது எளிய செயலன்று.

கடைத்தெரு இதற்கு நேர்மாறானது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாங்க வெளியூர்களிலிருந்து வருவோர், கடைக்காரரின் முகத்தையும் பார்த்தே வாங்குகின்றனர். அடுப்பின் முன் நின்று பாலைச் சுண்டக் கிண்டுபவர் முகத்தைச் சுளித்துக்கொள்ளலாம். தராசின் பின்னால் நிற்பவர் சுளிக்கக் கூடாது. ஆடிப்பூரத் தேரோட்டத்தை ஒட்டிய நாள்களில் கூட்டம் நெருக்கியடிக்கும்போது, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதே இன்முகத்தைக் காட்ட வேண்டும். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நிலைமை இதுவே. நிற்பதும் சிரிப்பதும் சேர்ந்தே அங்கு வேலையாகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, பணியாளருக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்ற கடமை கடை உரிமையாளர் மீது சுமத்தப்பட்டது. கால்வலிக்கு அவ்வாறு ஒரு சட்டம் வந்துவிட்டது. நாள் முழுவதும் சிரித்த கன்னத்தின் வலிக்கு இன்னும் சட்டமில்லை.

அந்த வலிக்கு ஒரு பெயர் மட்டும் கிடைத்திருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983இல் வெளியிட்ட தம் நூலில், ஊதியத்திற்காகத் தம் உணர்வைக் கட்டுப்படுத்திப் பிறர் எதிர்பார்க்கும் உணர்வை வெளிக்காட்டுவதும் ஓர் உழைப்பே என்று எழுதினார். அவர் இரு தொழிலாளரை அருகருகே வைத்துப் பார்த்தார். ஒருவர் விமானப் பணிப்பெண். பயணி எவ்வளவு எரிந்து விழுந்தாலும் அவரை மகிழ்விக்க வேண்டியவர். மற்றவர் கடன் வசூலிப்பவர். உள்ளுக்குள் இரக்கம் தோன்றினாலும் எதிரில் இருப்பவரை அச்சுறுத்த வேண்டியவர். இருவர் செய்வதும் வெவ்வேறு திசையில் ஒரே வேலை. மூட்டை சுமப்பவரின் தோள் தேய்வது கண்ணுக்குத் தெரிகிறது. இவர்களிடம் தேய்வது எது என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

தமிழர்க்கு இது முற்றிலும் புதிய சிந்தனையன்று. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டே தீரும் என்பதற்குத் தொல்காப்பியர் 'மெய்ப்பாடு' என்று பெயர் தந்து, அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலாக எட்டு வகை கூறி ஒரு தனி இயலே வகுத்தார். பணியிடம் நம்மிடம் வேண்டுவது, ஒரு வகையில், மெய்ப்பாட்டை மெய்யிலிருந்து பிரித்து வைக்கும் ஆற்றலை. அப்படிப் பிரிக்கும்போது என்ன நேர்கிறது?

அடக்கினால் குறைவதில்லை

1993ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர், மனத்தைக் கலங்கச் செய்யும் மருத்துவக் காட்சிகள் அடங்கிய படத்தைச் சிலருக்குக் காட்டினர். ஒரு சாராரிடம் மட்டும், பார்ப்பவர்க்கு எதுவும் தெரியாதபடி உணர்ச்சியை மறைத்துக்கொள்ளுமாறு கூறினர். அவர்கள் முகத்தில் எதையும் காட்டவில்லை. ஆயினும் உள்ளே அருவருப்பு சிறிதும் குறையவில்லை. உடலின் பதற்றக் குறிகள் சில, மறைக்காதவரிடம் இருந்ததைவிட மிகுதியாகவே பதிவாயின. முகத்தில் அணை கட்டினால் நீர் வற்றுவதில்லை, உள்ளே மட்டம் உயர்கிறது.

ஆறு ஆண்டுகள் கழித்து, கிராஸும் ஜேன் ரிச்சர்ட்ஸும் செய்த இன்னோர் ஆய்வு, உங்களைப் போன்ற உடனிருப்போருக்கு இன்னும் நெருக்கமானது என்று நாங்கள் கருதுகிறோம். காயமடைந்தவர்களின் படங்களைக் காட்டி, அவர்களைப் பற்றிய விவரங்களையும் வாய்மொழியாகக் கூறினர். உணர்வை மறைத்தபடி கேட்டவர்கள், சொல்லப்பட்ட விவரங்களைப் பின்னர்க் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். முகத்தைக் காப்பதற்கே மனத்தின் ஒரு பகுதி செலவாகிவிடுகிறது. எஞ்சிய பகுதியைக் கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

இதை எங்கள் கலந்தாய்வு அறையில் வைத்துப் பாருங்கள். தந்தையின் அறிக்கையை மருத்துவர் விளக்குகிறார். மகன் கண்ணீரைக் கட்டுப்படுத்திக்கொண்டு, "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையசைக்கிறார். வெளியே வந்ததும் தங்கை, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டால், பாதி நினைவில்லை. நாங்கள்கூட ஒரு காலத்தில் இதைக் கவனக்குறைவு என்றே எண்ணியதுண்டு. அந்த எண்ணம் பிழையானது. ஆகவே மருத்துவர் விளக்கும்போது இருவராக வாருங்கள். ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அழுகை வந்தால் அழுதுவிட்டு, "மறுபடியும் ஒருமுறை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு யாரும் உங்களைக் கடிந்துகொள்ளக் கூடாது.

பணியிடத்திற்கும் இதுவே பொருந்தும். மறைப்பதற்கே ஆற்றலைச் செலவிடுபவர் கணக்கில் பிழை செய்வார், இழை அறுந்ததைப் பிந்திக் காண்பார், சொன்ன எடையை மறந்து வேறு எடையில் பொட்டலம் கட்டுவார். பிழைக்காகத் திட்டு விழும். அந்தத் திட்டையும் முகம் மாறாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். இவ்வாறு ஒரு வட்டம் தொடங்கிவிடுகிறது. இதன் விளைவு பல இடங்களில் பல வடிவில் தெரிகிறது: படுத்தும் உறக்கம் வராமை, பிடரியிலும் தோளிலும் இறுக்கம், காரணமற்ற வயிற்றெரிச்சல், தலைவலி. முன்பே இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவருக்கு அவை கட்டுக்கு அடங்காமற்போவதும் உண்டு. மனம் நெருக்கடியில் இருக்கும்போது மாத்திரை, உணவு, உறக்கம் ஆகிய மூன்றுமே நேரம் தவறிப்போகின்றன அல்லவா?

செல்லிடமும் அல்லிடமும்

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும் இடம் எங்களை எப்போதும் சிந்திக்க வைக்கும். தன் சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குபவனே உண்மையில் சினத்தை அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அவர் கருத்து. மேற்பார்வையாளர் தொழிலாளி மீது கொள்ளும் சினம் பலிக்கும். தொழிலாளி மேற்பார்வையாளர் மீது கொள்ளும் சினம் பலிக்காது. ஆனால், நடைமுறையில், சினத்தை அடக்கும் பயிற்சி எப்போதும் கீழே இருப்பவருக்கே தரப்படுகிறது. பணியிட மனநலம் என்ற பேரில் தொழிலாளிக்கு மூச்சுப் பயிற்சி கற்பித்துவிட்டு, மேஸ்திரிக்கு எதையும் கற்பிக்காமல் விடுவது பாதி வைத்தியம்கூட ஆகாது.

பலிக்காத சினம் எங்கே போகிறது? அது தனக்குப் பலிக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. ஆலையில் வாங்கிய சொல் வீட்டில் பிள்ளையின் மீது விழுகிறது. கடையில் விழுங்கிய அவமானம், மாலையில் மருத்துவமனைக்கு வந்து, கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் குடிக்க மறுக்கும் தாயின் மீது எரிச்சலாக வெளிப்படுகிறது. பிறகு குற்ற உணர்ச்சி. "பெத்த தாயைப் போய் இப்படிப் பேசிட்டேனே" என்று வராந்தாவில் அமர்ந்து புலம்புவோரை நாங்கள் அறிவோம். அவர்கள் கொடியவர் அல்லர். காலையிலிருந்து எங்கும் வைக்க இடமில்லாத ஒன்றைக் கையில் ஏந்தி வந்தவர்கள்.

அது சில வேளைகளில் செவிலியர் மீதும் விழுகிறது. இதை எழுதுவதில் எங்களுக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. எங்கள் பக்கத்து நியாயத்தை மட்டும் பேசுவதாகத் தோன்றக் கூடாது. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனையில், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று வந்த ஒரு தாயின் மகன், பணியிலிருந்த மருத்துவரைக் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். மாநிலமெங்கும் மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குப் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2008 முதலே இருக்கிறது. சட்டம் வேண்டியதே. எந்தத் துயரமும் கத்தியை நியாயப்படுத்தாது. ஆனால் அந்நிகழ்வுக்குப் பிறகு, வாயிற்காவலைப் பற்றிப் பேசிய அளவுக்கு, மாதக்கணக்கில் நோயாளியுடன் அலையும் உறவினரின் மனநிலையை யார் கேட்டறிவது என்பதைப் பற்றி நாம் பேசவில்லை.

செவிலியரின் நாளையும் எண்ணிப் பாருங்கள். ஆறாம் எண் படுக்கையில் ஒருவர் இறந்துவிட்டார்; உறவினர் கதறுகின்றனர். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஒன்பதாம் எண் படுக்கைக்குச் சென்று, அன்று வீடு திரும்பும் நோயாளியை வாழ்த்தி அனுப்ப வேண்டும். இரண்டு முகங்களுக்கும் இடையே உள்ள தூரம் மூன்று கட்டில்கள்தாம். எங்களவர் சிலர் சில நேரங்களில் வெடுக்கென்று பேசிவிடுவதும் உண்டு. அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. அது நேர்ந்தால் வார்டு பொறுப்புச் செவிலியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில், தொடர்ந்த பணி அழுத்தம் சரிவரக் கையாளப்படாததால் வரும் 'பணிச்சோர்வு' என்னும் நிலையை விளக்கியது. அதை ஒரு நோய் என்று அந்நிறுவனம் கூறவில்லை. பணி சார்ந்து எழும் ஒரு நிலை என்றே கூறியது. ஆற்றல் முழுவதும் வற்றிப்போன உணர்வு, வேலையின் மீது ஒட்டாமையோ வெறுப்போ, 'என்னால் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம் ஆகியவை அதன் குறிகள். மனச்சோர்வும் மனப்பதற்றமும் காரணமாக உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 கோடி வேலை நாள்கள் இழக்கப்படுகின்றன என்று அதே நிறுவனம் மதிப்பிடுகிறது. இவ்வளவு பெரிய எண் நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பாமல், சட்டையை மாட்டியபடியே திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த அண்ணன் சொல்வார்.

என்ன செய்யலாம்

உணர்வை அடக்கக் கூடாது என்றால், மேலாளர் முன்னே கத்திவிட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. மறைப்பதற்கும் வெடிப்பதற்கும் இடையே சொல்வது என்று ஒன்று இருக்கிறது. பணியிடத்தில் ஒருவரிடமாவது உண்மை நிலையைச் சொல்லிவிடுங்கள். எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். இரக்கப் பேச்சு பெருகினால் அதுவே ஒரு சுமை. உங்கள் சூப்பர்வைசரிடம் நீண்ட கதை தேவையில்லை. "அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இந்த இரண்டு வாரம் எனக்கு இரவு ஷிப்ட் வேண்டாம். கவனம் சிதறினால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்ற அளவு போதும். குறிப்பாக, எப்போது வரை, என்ன வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லும்போது, கேட்பவருக்கும் முடிவெடுப்பது எளிதாகிறது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நாங்கள் உறுதி கூற இயலாது. மறைக்கும் உழைப்பாவது மிச்சமாகும்.

விடுப்பைப் பற்றியும் அறிந்திருங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், தகுதி பெற்ற தொழிலாளிக்கு இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை உரிமையாக்கியது. திருவிழாவுக்கென்று அதைச் சேர்த்து வைப்பது நம் வழக்கம். வீட்டில் நோயாளி இருக்கும் ஆண்டில் அவ்வழக்கத்தை மாற்றிக்கொள்வதில் தவறில்லை. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர், தாமே நோயுற்று மருத்துவரால் சான்றளிக்கப்பட்டால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்காலப் பயனாகப் பெறலாம். உறவினரைப் பார்த்துக்கொள்வதற்கு அப்பயன் கிடைக்காது. அது ஒரு குறைதான் என்பது எங்கள் கருத்து. நோய் ஒருவருக்கு வந்தாலும் வேலையை இழப்பவர் பெரும்பாலும் இன்னொருவர்.

சிறிய செயல்களும் பயன் தருகின்றன. மருத்துவமனையிலிருந்து நேரே இயந்திரத்தின் முன் போய் நிற்காதீர்கள். பத்து நிமிடம் முன்னதாகச் சென்று, ஆலை வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே போங்கள். மாலையில் கடையிலிருந்து வரும்போது, வார்டுக்குள் நுழையுமுன் வெளியே அமர்ந்து ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாதிருங்கள். இரண்டு முகங்களுக்கும் இடையே ஒரு முகமும் இல்லாத சிறு நேரம் வேண்டும். இரவில் தொடர்ந்து ஒருவரே துணை இருப்பதைத் தவிர்த்து முறை வைத்துக்கொள்ளுங்கள். உறக்கமின்றி இயந்திரத்தின் முன் நிற்பது, மனநலப் பிரச்சினையாக மாறுமுன்னே விபத்தாக மாறிவிடக்கூடும்.

இரண்டு வாரத்திற்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இருந்தாலோ, வேலைக்குப் போவதை எண்ணும்போதே நெஞ்சு படபடத்தாலோ, துயரத்தைத் தணிக்கக் குடியை நாடத் தொடங்கினாலோ, எங்கள் மருத்துவரிடம் உங்களுக்காகவும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலியை மனக்கவலை என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்; முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம் ஒரு முறை தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனை வழியாகவும் உதவி பெறலாம். அங்கே செல்வதை ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சுவோர், முதலில் தொலைபேசியில் பேசிவிட்டுப் பின் முடிவு செய்யலாம்.

எங்கள் செவிலியரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது, ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் நின்று, நடந்ததை அடுத்தவரிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைப்பர். காலையில் வாசலில் நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். பிளாஸ்க், மருந்துச் சீட்டு, பத்து மணி ஊசி, பத்திய உணவு எல்லாவற்றையும் மறக்காமல் சொல்கிறீர்கள். அந்தப் பட்டியலில் உங்களையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். "ராத்திரி ரொம்பப் பயந்துட்டேன் மதினி, இன்னைக்கு வேலையில மனசு ஓடாது" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. "சரி, நீ போயிட்டு வா. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நான் போன் பண்றேன்" என்று மதினி சொல்வார். அதற்குள் பேருந்தும் வந்துவிடும்.